மொத்தமாத் தரமாட்டாங்க

திருவண்ணாமலையில் பௌர்ணமி அன்று காலை. எங்கள் லாட்ஜ் வாசலில் நானும் மெஹருன்னிசா ஆப்பாவும் நின்றுகொண்டிருந்தோம். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஆளுக்கொரு அகலமான பிளாஸ்டிக் கவர். பேசி வைத்திருந்த வாடகைக் கார் வரவில்லை.

டிரைவருக்கு போன் போட்டேன். "அக்கா, திண்டிவனத்துலேருந்து கிரிவலப் பார்ட்டி வந்துட்டாங்க. இன்னிக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

நாங்கள் போக வேண்டிய இடத்தில் அட்ஜஸ்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. வேலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கிற மிஷின். முதலில் எனக்கு, அடுத்து ஆப்பாவுக்கு. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும். ஒரு நாள்கூடத் தவறக் கூடாது என்று டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சொல்லியிருந்தார்.

"ஆட்டோ புடிக்கலாமா?" என்றேன்.

"தெருமுனையில தடுப்பு வச்சிட்டாங்க. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளிய" என்றார் ஆப்பா.

"நடந்துடலாமா?"

"வேலூருக்கா? மலையைச் சுத்தற கூட்டத்தோட நாமளும் சுத்தி, அப்படியே நழுவிடலாம்ங்கறியா?"

அப்போதுதான் பின்சந்திலிருந்து ஒரு வெள்ளைக் கார் மெதுவாக மூக்கை நீட்டியது. கண்ணாடி இறங்கியது. முதலில் செண்ட் வாசனை வந்தது. பிறகு மனை புரோக்கர் லோகுவின் சிரிப்பு வந்தது.

"எந்த சைட்டுக்குக்கா? ஏறுங்க. நானே கொண்டுபோய் விடறேன்."

ஆப்பா என்னைப் பார்த்தார். நான் ஆப்பாவைப் பார்த்தேன். இந்த ஊரில் யார் யாருக்குத் தெரியக் கூடாது என்று நாங்கள் பாடுபட்டுக்கொண்டிருந்தோமோ, அவர்களிலேயே முதல் ஆள் லோகுதான்.

வேறு வழியில்லை. ஏறிக்கொண்டோம்.

வாய்க்கு வந்த ஊர்

லோகுவின் காரில் ஏறிய கதைக்கு முன்னால், ஆப்பாவுடன் ஒரே காரில் போகும் நிலை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். இதை எழுத அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "பேரைப் போட்டுக்கோ. வயசை மட்டும் கம்மி பண்ணிப் போடு" என்றார். வயதையே போடவில்லை.

ஆப்பா என்றால் உருதுவில் அக்கா. சுற்றுவட்டாரத்தில் எல்லாச் சாதிக்காரர்களுக்கும், எல்லா மதத்துக்காரர்களுக்கும் அவர் ஆப்பாதான். கணவர் போன பிறகு மெத்தைக் கடையைத் தனியாக நடத்துகிறவர். மகன் மஸ்கட்டில். எங்கள் லாட்ஜில் யாத்ரீகர்கள் புரண்டு படுக்கிற மெத்தை, தலையணை எல்லாம் அவர் கடைச் சரக்கு. அவரிடம் பேரம் பேசி நான் ஜெயித்ததாக இதுவரை சரித்திரம் இல்லை. "பஞ்சு குறைச்சுத் தரட்டுமா, விலை குறைச்சுத் தரட்டுமா?" என்பார். ரெண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான்.

எனக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஆறின பிறகு கதிர்வீச்சு என்றார்கள். இதை ஊரில் ஒருவருக்கும் சொல்வதில்லை என்று நானும் என் வீட்டுக்காரரும் முடிவு செய்தோம்.

காரணம் பயம் என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் இதே நோயில் படுத்தபோது பார்க்கப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் கையில் ஆரஞ்சுப் பழமும், வாயில் ஒரு சாவுக் கதையும் கொண்டுவந்தார்கள். "எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் லேசாதான் ஆரம்பிச்சுது" என்று ஒருவர் தொடங்க, இன்னொருவர் முடிவைச் சொல்வார். கேட்டுக்கொண்டிருந்த நோயாளி கடைசியில் எழுந்துபோய்ப் பாத்ரூமில் உட்கார்ந்துகொண்டார். கூட்டம் கலையும்வரை வெளியே வரவில்லை.

எனக்குப் பாத்ரூமில் உட்காரப் பொறுமை கிடையாது. அதனால் ஊரில் பொய் சொன்னேன். ஆப்பா கடைக்கு ஆள் அனுப்பி, "தலையணை ஆர்டர் இப்ப வேணாம், பெங்களூர்ல மகன் வீட்டுக்குப் போறேன்" என்றேன். "நானும் இல்ல. ஆம்பூர்ல ஒரு கல்யாணம்" என்று பதில் வந்தது.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் என் முறைக்காகக் காத்திருக்கிறேன். ஏசி எலும்பைத் துளைக்கிறது. பக்கத்து நாற்காலியில் கருப்புப் பர்தாவில் ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்து, முகத்திரையை விலக்கித் தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டுத் திரும்பினார்.

மெஹருன்னிசா ஆப்பா.

"ஆம்பூர் பிரியாணி எப்படி இருக்கு, ஆப்பா?" என்றேன்.

அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "பெங்களூர்ல இதைவிடக் குளிருமே, சால்வை எடுத்தாரலையா?" என்றார்.

பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் அவர் கை மட்டும் நாற்காலிப் பிடியைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. அவருக்குக் கட்டி நாக்கின் அடியில். மகனிடம் பல் வைத்தியம் என்று சொல்லியிருந்தார்.

மறுநாளிலிருந்து ஒரே கார்.

டாக்டரம்மாவிடம் பேரம்

ஆப்பாவோடு பழகியதாலோ என்னவோ, எனக்கும் பேரம் பேசும் புத்தி வந்துவிட்டது. முதல் நாளே டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"டாக்டர், தினமும் போக வர நாலு மணி நேரம். மிஷினுக்கு அடியில படுக்கறது சில நிமிஷம். இதை எதுக்கு வாரக்கணக்குல இழுக்கணும்? மொத்தத்தையும் ஒரே நாள்ல குடுத்துடுங்களேன்."

டாக்டரம்மாவுக்கு என் மகன் வயதுகூட இருக்காது. சிரித்தார்.

"குடுக்கலாம்மா. கட்டி இருந்த இடத்துல மிச்சம் மீதி எல்லாம் போயிடும். கூடவே நீங்களும் போயிடுவீங்க."

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கதிர் படற இடத்துல கெட்ட செல்லும் இருக்கும், நல்ல செல்லும் இருக்கும். ரெண்டுக்கும்தான் அடி விழும். நல்ல செல்லுக்கு அடிபட்டதைச் சரி பண்ணிக்கத் தெரியும். ஒரு நாள் டயம் குடுத்தா ஓரளவு எழுந்து உக்காந்துடும். கெட்டதுக்கு அந்த அளவுக்குச் சாமர்த்தியம் கிடையாது. அது எழுந்திரிக்கறதுக்குள்ள அடுத்த அடி. அதனாலதான் கொஞ்சம் கொஞ்சமா."

"அப்ப சனி, ஞாயிறு?"

"நல்ல செல்லுக்கு லீவு."

"கெட்டதுக்கும் அதே லீவுதானே டாக்டர்?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றியது அப்போதுதான். "அதனாலதான் அதுக்கு மேல ஒரு நாள்கூட லீவு தரமாட்டேன். இடைவெளி ஜாஸ்தி ஆனா மிச்சம் இருக்கறது திரும்ப வளர ஆரம்பிச்சுடும். மழை, பந்த், பௌர்ணமி எதுவும் சொல்லக் கூடாது."

திருவண்ணாமலைக்காரர்களைப் பற்றி யாரோ அவருக்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு மூன்று வாரம் சொச்சம். இப்போதெல்லாம் மார்புக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, நாளைக் குறைத்துவிடுகிறார்களாம். ஆப்பாவுக்கு ஏழு வாரம். வாய்க்குள் இருக்கிறதெல்லாம் மென்மையான சமாச்சாரம், அவசரப்பட முடியாது என்றார்கள். "உனக்குக் கம்மி, எனக்கு ஜாஸ்தி. மொத்தமா வாங்கறவளுக்குத் தள்ளுபடி தரமாட்டாங்களாமா?" என்று ஆப்பா காரில் புலம்பினார்.

மிஷின் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். என்னைப் படுக்கவைத்து, உடம்பில் போட்ட ஊதா மைக் கோட்டோடு வெளிச்சக் கோட்டைப் பொருத்திவிட்டு எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். தலைக்கு மேல் ஒரு பெரிய உருளை சுற்றும். 'ஙீ' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வலி இல்லை, சூடு இல்லை. முதல் வாரம் எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது, ஸ்விட்ச் போட மறந்திருப்பார்களோ என்று.

ஆப்பாவுக்கு மட்டும் கூடுதலாக ஒரு முகமூடி. சூடான வலையை முகத்தில் அழுத்தி, அவருடைய மூக்கு முழிக்கு அளவெடுத்துச் செய்தது. தலை அசையாமலிருக்க அதைப் போட்டு மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். பலருக்கு மூச்சு முட்டி அழுகை வருமாம். அங்கே வேலை செய்யும் பெண் ஆப்பாவிடம், "பயமா இருந்தா கையைத் தூக்குங்கம்மா" என்றாள்.

"கல்யாணம் ஆனதுலேருந்து மூஞ்சியை மூடிட்டுத்தான் இருக்கேன். இது என்ன, காத்தோட்டமாவே இருக்கு" என்றார் ஆப்பா.

மலை தெரியும் மனை

இப்போது லோகு.

லோகநாதன் கீழ்பென்னாத்தூர்க்காரன். வெள்ளைச் சட்டை, ரெண்டு போன். மனை புரோக்கர். ஊரை ஒட்டிய வேங்கிக்காலைச் சுற்றி முளைத்த பாதி வீடுகள் அவன் வாயால் விற்றவை. எங்கள் ஊரில் மலை தெரிகிற மனைக்குத் தனி மவுசு. லோகு காட்டுகிற மனையில் நின்றால் மலை தெரியாது. "மொட்டை மாடி போட்டா தெரியும் சார்" என்பான். மொட்டை மாடி போட்டவர், வாட்டர் டேங்க் மேல் ஏறி நின்று தரிசனம் செய்வதை நானே பார்த்திருக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவன் கண்ணில் நாங்கள் பட்டோம். ஆம்பூரும் பெங்களூரும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. லாட்ஜ் நடத்துகிறவளும் மெத்தைக் கடைக்காரியும் தினமும் காலையில் ஒரே காரில் கிளம்புகிறார்கள். கையில் அகலமான கவர். மத்தியானம் களைத்துத் திரும்புகிறார்கள். எங்கே போனீர்கள் என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

கவருக்குள் இருந்தது ஸ்கேன் படம். ஊர் அதை லேஅவுட் மேப் என்று முடிவு செய்தது.

வேலூர் ரோட்டில் பெரிய இடம் ஒன்று வளைக்கிறார்களாம் என்று பேச்சு கிளம்பியது. லோகுவுக்குத் தெரியாமல் ஒரு நிலம் கை மாறுவதா? அவனுக்குத் தூக்கம் போயிருக்கும். பௌர்ணமி அன்று பின்சந்தில் அவன் கார் நின்றிருந்தது தற்செயல் என்று இன்றைக்கும் நான் நம்பவில்லை.

பார்ட்டி யாரு?

எந்தச் சந்து எங்கே முட்டும் என்று புரோக்கருக்குச் சொல்லித் தர வேண்டுமா? தடுப்புகளையெல்லாம் சுற்றிக்கொண்டு வேங்கிக்காலைத் தாண்டி வேலூர் ரோட்டைப் பிடித்துவிட்டான். பிடித்ததும் ஆரம்பித்தான்.

"இடம் எப்படிக்கா? ரோட்டு மேலயா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து ஆப்பா சொன்னார். "ரோட்டு மேலதான். பெரிய காம்பவுண்டு. தண்ணி, கரண்ட் எல்லாம் ஜாஸ்தியாவே இருக்கு."

"போக்குவரத்து?"

"எந்நேரமும் ஜனம் வந்துட்டே இருக்கு."

லோகு எச்சில் விழுங்கியது எனக்குக் கேட்டது. "பார்ட்டி யாரு?"

"ஒரு லேடி டாக்டர்" என்றேன் நான். எனக்கும் குஷி பிறந்துவிட்டது.

"டாக்டரா! அப்ப ஒரே செட்டில்மெண்ட்டா முடிச்சுடலாமே."

"எங்கேப்பா! தினமும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க" என்றேன்.

"என்னக்கா இது? எந்த ஊர் வழக்கம்? மொத்தமாக் கேளுங்களேன்."

"கேட்டாச்சு. மொத்தமாத் தரமாட்டாங்க. மொத்தமாக் குடுத்தா நாங்க தாங்கமாட்டோமாம்."

"ஒரு நாள் போகலைன்னா?"

"டீல் கெட்டுடும்."

ஆப்பா முகத்திரைக்குள் குலுங்கிக்கொண்டிருந்தார். லோகு ஸ்டியரிங்கைத் தட்டினான். "நான் பேசறேன்க்கா. என்னைப் பார்ட்டிகிட்ட விடுங்க. அஞ்சு நிமிஷம் போதும்."

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. லோகு கட்டடத்தை அண்ணாந்து பார்த்தான். "இதுக்குப் பக்கத்துலயா?" என்று கேட்டுக்கொண்டே எங்களோடு இறங்கி உள்ளே வந்தான். நாங்கள் தடுக்கவில்லை. நேரமாகிவிட்டிருந்தது.

நான் உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தேன். அவன் சுவரில் இருந்த பலகையைப் படித்துக்கொண்டிருந்தான். கீழே வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். கழுத்தில் குழாயோடு ஒருவர், தலையில் துணி கட்டிய ஒரு பெண். பிறகு என் கையிலிருந்த கவரைப் பார்த்தான்.

முடித்து வெளியே வந்தபோது அவன் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். ரெண்டு போனையும் அணைத்து மடியில் வைத்திருந்தான். லோகுவின் போன் அணைந்து நான் பார்த்தது அன்றுதான்.

போளூர் டீ

திரும்பும்போது அவன் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான். எனக்குச் சங்கடமாகிவிட்டது. விளையாட்டு கொஞ்சம் ஓவராகப் போய்விட்டதோ என்று தோன்றியது. போளூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினான். மூன்று டீ சொன்னான்.

அவன் வாயைத் திறக்கும் முன் ஆப்பா முந்திக்கொண்டார். "தோ பாரு லோகு. நீ உச்சுக் கொட்டினா இங்கயே இறங்கி பஸ்ல போயிடுவேன்."

"கொட்டல ஆப்பா." டீயையே பார்த்துக்கொண்டிருந்தான். "நல்ல இடமா இருக்கும்னு ஆசையா வந்தேன். கமிஷன் போச்சேன்னு வருத்தப்படறேன், அதுகூடக் கூடாதா?"

அவன் கண் சிவந்திருந்தது. ஆனால் சிரித்தான். எங்களுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"ஊர்ல சொல்லுவியா?" என்றேன்.

"என்னத்தக்கா சொல்றது?" என்றான். "பார்ட்டி கொஞ்சம் பிடிவாதம், ஆனா டீல் நல்லாப் போயிட்டிருக்குன்னு சொல்றேன்."

சொன்னான். அவன் சொன்னது எப்படிப் பரவியது என்றால், அடுத்த வாரம் எங்கள் லாட்ஜுக்கு வராத மனிதர்களெல்லாம் வர ஆரம்பித்தார்கள். ரிடையர்டு தாசில்தார் ஒருவர் மனைவியோடு வந்து, சம்பந்தமே இல்லாமல் என் வீட்டுக்காரரின் உடல்நலத்தை விசாரித்தார். இன்னொருவர் ரெண்டு கிலோ பால்கோவா கொண்டுவந்து, "கார்னர் பிளாட் ஏதாவது இருந்தா நம்மளை மறந்துடாதீங்க" என்றார். நோயாளியாக இருந்திருந்தால் வெறும் ஆரஞ்சு. நிலம் வளைக்கிறவளுக்குப் பால்கோவா. எனக்கு அப்போது சாப்பிடவே பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் சாப்பிட்டார்.

வாடகைக் காரை நிறுத்திவிட்டோம். தினமும் காலையில் லோகு வந்தான். பெட்ரோலுக்குப் பணம் கொடுத்தால் வாங்கமாட்டான். "நான் கூட வந்தாத்தான் ஊர் நம்பும்" என்பான்.

ஒரு திங்கட்கிழமை

எனக்கு முடிந்தது. மார்பில் தோல் கறுத்து உரிந்தது. மாடிப்படி ஏறினால் நடுவில் உட்காரத் தோன்றும். அதைத் தவிர வேறொன்றும் இல்லை. என் பங்கு முடிந்த பிறகும் ஆப்பாவோடு காரில் போய்வந்தேன். வீட்டில் படுத்தால் யாராவது பால்கோவாவோடு வந்துவிடுவார்கள்.

ஆப்பாவுக்குத்தான் அதன் பிறகு கஷ்டம் ஆரம்பித்தது. வாயெல்லாம் புண். எச்சில் வற்றிவிட்டது. குரல் தேய்ந்து காற்றாக மட்டும் வந்தது. ருசி போய்விட்டது. "பஞ்சைத் தின்னற மாதிரி இருக்கு" என்றார். பஞ்சைப் பற்றி அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மூக்கு வழியாகக் குழாய் போட்டுச் சாப்பாடு கொடுக்கலாமா என்று டாக்டரம்மா கேட்டதற்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

அஞ்சாம் வாரம் கழிந்து ஒரு திங்கட்கிழமை. லோகு காரோடு கீழே நிற்கிறான். ஆப்பா இறங்கி வரவில்லை. கடைக்கு மேலேதான் அவர் வீடு. நான் ஏறிப்போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"வரல" என்றார்.

"ஏன் ஆப்பா?"

"ரெண்டு நாளா மிஷின் இல்ல. நேத்து சாயங்காலம் ரெண்டு ஸ்பூன் கஞ்சி இறங்குச்சு. எரியல." ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினார். "இன்னும் நாலு நாள் விட்டா முழுசா ஆறிடும். இவ்ளோ குடுத்தாச்சு. போதும்."

"உங்க வாய் ஆறற மாதிரி அதுவும் தேறி எழுந்துடும், ஆப்பா."

"எது?"

"அதுதான். டாக்டரம்மா கெட்டதுன்னு சொன்னாங்களே, அது."

அவர் புரண்டு என்னைப் பார்த்தார். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. "உனக்கு மூணு வாரத்துல முடிஞ்சிடுச்சு. நீ பேசுவ."

 கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் திரும்பச் சொல்லலாம். அவருக்கும் அது தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். அழுகைதான் வந்தது. எத்தனையோ வருடம் தலையணை விலைக்காக மல்லுக்கட்டிய மனுஷி. இந்தத் தடவையும் அவரே ஜெயித்துவிட்டால் என்ன ஆகும்?

படியில் செருப்புச் சத்தம். லோகு கதவுக்கு வெளியே நின்றான். உள்ளே வரவில்லை.

"ஆப்பா, வேணாம்னா விட்டுடுங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா கீழ மூணு பேரு நிக்கறாங்க. தாசில்தார் சாரும் நிக்கறாரு. என்ன லோகு, வண்டி கிளம்பலையா, டீல் ஊத்திக்கிச்சான்னு கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

ஆப்பா மறுபடியும் சுவர்ப் பக்கம் புரண்டுகொண்டார்.

"ஆப்பா பேரத்துல தோத்துட்டாங்க, இடம் கை விட்டுப் போச்சுன்னு சொல்லிடட்டா? இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா போயிடும். அதுக்கப்புறம் கடைக்கு வர்றவன் எல்லாம் மெத்தைக்குப் பாதி விலை கேப்பான். உங்க இஷ்டம்."

கட்டில் ஆடியது. முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்ததில் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. ஒரு கையால் அதை அழுத்திக்கொண்டு, மறு கையால் ஆணியில் தொங்கிய பர்தாவைக் காட்டினார்.

"அதை எட்றீ" என்றார் என்னைப் பார்த்து. பிறகு கதவுப் பக்கம்: "தாசில்தாருக்குக் கார்னர் பிளாட் கிடையாதுன்னு சொல்லு."

அன்றைக்கே மூக்குக் குழாய்க்கும் சம்மதித்தார். முகத்திரை இருந்ததால் ஊரில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. மீதி நாள்களில் ஒன்றுகூடத் தவறவில்லை.

ஸ்டே

மூன்று மாதம் கழித்து ஆப்பாவுக்கு ஸ்கேன். மூன்று பேரும் போனோம். டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், விளக்குப் போட்ட குச்சியை வைத்து வாயைப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். "இப்ப எதுவும் தெரியலம்மா. ஆனா விடாம வந்து காட்டணும்" என்றார். எனக்கும் அதே மாதிரிதான் சொல்லியிருந்தார். இந்த நோயில் அதைவிட நல்ல வார்த்தை கிடையாது என்று தெரிந்துகொண்டோம்.

லோகு டாக்டரம்மாவைக் கும்பிட்டான். "மேடம், வேலூர் ரோட்டுல நல்ல மனை ஒண்ணு இருக்கு..." என்று தொடங்கினான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நிலம் என்ன ஆயிற்று என்று ஊரில் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "கோர்ட்ல ஸ்டே வாங்கிட்டாங்க சார்" என்றான் லோகு. அதோடு எல்லாரும் விட்டுவிட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் அந்தப் பதிலை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஆப்பாவின் குரல் கரகரவென்று திரும்பி வந்தது. உடம்பும் தேறியது. ருசி மட்டும் வரவில்லை. வரும் என்றார் டாக்டரம்மா, எப்போது என்று சொல்லவில்லை. ஆப்பா எதை வைத்தாலும் மறுப்பில்லாமல் சாப்பிட்டார். குறை சொல்லாமல் சாப்பிடுகிற ஆப்பாவைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு மத்தியானம், புதுத் தலையணைகளை இறக்கிவைக்க வந்த ஆப்பாவைச் சாப்பிடச் சொன்னேன். நான் படுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சமையல் என் வீட்டுக்காரர் கைக்குப் போயிருந்தது. அவர் திருப்பித் தருவதாகவும் இல்லை. அன்றைக்குச் சாம்பார் அவர் வைத்ததுதான். லோகுவும் இருந்தான். ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டு போன் பேசிக்கொண்டிருந்தான்.

ஆப்பா ஒரு வாய் பிசைந்து போட்டார். மென்றார். நிறுத்தினார். இன்னொரு வாய் போட்டார்.

"யாரு செஞ்சது இது?" என்றார்.

"ஏன் ஆப்பா?"

"உப்பு ஜாஸ்தி."

லோகு போனைக் காதிலிருந்து எடுத்தான். அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரர் கரண்டியோடு வந்து நின்றார். "எல்லாரும் சாப்பிட்டாங்க. யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார், முகம் சுண்டி.

நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். நிஜமாகவே ஜாஸ்திதான். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"கரிக்குது" என்றார் ஆப்பா, இன்னும் சத்தமாக. "வாயில வைக்க முடியல." சொல்லிக்கொண்டே சாம்பார்ப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.